அணைத்து வைத்த போன்

மூன்று வருடங்களுக்கு முன்பு, மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு ஜூலை மாத வெள்ளிக்கிழமை. தாராவியில் எங்கள் சபை கூடும் மாடி அறையில் உபவாச ஜெபம் நடந்துகொண்டிருந்தது. கீழே பெல்ட் தைக்கிற பட்டறை, மேலே நாங்கள். ஏணி மாதிரி செங்குத்தாக நிற்கிற இரும்புப் படியில் ஏறித்தான் வரவேண்டும். காலையில் ஆரம்பித்தால் மத்தியானம் வரை ஜெபம் போகும். வருகிறவர்கள் பெரும்பாலும் என்னைப் போன்ற பெண்கள்தான்.

அந்த அறையின் வாசலில் அரிசி போட்டு வைக்கிற பெரிய பிளாஸ்டிக் டப்பா ஒன்று இருக்கும். உள்ளே வருகிறவர்கள் தங்கள் போனை அதில் போட்டுவிட்டுத்தான் உட்கார வேண்டும். அது என்னுடைய ஏற்பாடு. பாஸ்டர் உருகி ஜெபித்துக்கொண்டிருக்கும்போது யாருடைய பையிலிருந்தாவது சினிமாப் பாட்டு கேட்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருநாள் வீட்டிலிருந்து டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்துவிட்டேன். சைலன்டில் போட்டால் போதாதா என்று கேட்டவர்களிடம், போதாது, உர்உர்ரென்று நடுங்கினாலும் கவனம் சிதறும் என்றேன். ஒவ்வொரு போனையும் நானே வாங்கி, அணைத்து, டப்பாவில் போட்டு மூடுவேன். என்னைச் சபையில் 'போன் போலீஸ்' என்று கேலி பேசுவார்கள். கேலி பேசினாலும் எனக்கு உள்ளுக்குள் பெருமைதான். ஆண்டவருக்கு முன்னால் என்னால் ஆன ஒரு ஒழுங்கு என்று நினைத்துக்கொள்வேன்.

அன்றைக்கும் எல்லாருடைய போனையும் அணைத்துவிட்டு, கடைசியாக என் போனையும் அணைத்துப் போட்டேன்.

ஜெபம் முடிந்து மழைக்கு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு படியில் இறங்கும்போதுதான் போனைத் திறந்தேன். நீங்கள் அணைத்து வைத்திருந்தபோது இந்த எண்ணிலிருந்து அழைப்பு வந்தது என்று கம்பெனிக்காரன் மெசேஜ் அனுப்புவான் அல்லவா, அது ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தது. எல்லாமே தம்பியின் நம்பர். திரும்பக் கூப்பிட்டேன். எடுத்தது அவன் இல்லை, அவன் மனைவி. அவள் அழுதுகொண்டே இருந்தாள். அந்த அழுகையைக் கேட்டதும் எனக்குப் புரிந்துவிட்டது.

என் தம்பி மும்பையின் கிழக்கோரம், மான்கூர்ட் பக்கமுள்ள சீத்தா கேம்பில் குடியிருந்தான். டெம்போ ஓட்டுகிறவன். எனக்கு ஒரே தம்பி. எங்கள் வீடு பெரிய அரசு ஆஸ்பத்திரிக்குப் பக்கம் என்பதால், சொந்தத்தில் யாருக்கு என்ன வந்தாலும் முதலில் எனக்குத்தான் போன் வரும். விடியற்காலையில் ஓடிப்போய் வரிசையில் நின்று கேஸ் பேப்பர் என்கிற டாக்டர் சீட்டை எடுத்து வைப்பேன். எந்த வார்டுக்கு எந்தப் படி, எந்த சிஸ்டரிடம் எப்படிப் பேசவேண்டும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. அன்று காலையிலிருந்தே தம்பிக்குத் தோள்பட்டையில் வலி. வேலையைப் பாதியில் விட்டு வீட்டுக்கு வந்திருக்கிறான். அவன் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு ஆஸ்பத்திரி இருக்கிறது. ஆனால், "அக்காகிட்ட சொல்லிட்டு அங்கயே போவோம், அவ பாத்துக்கிடுவா" என்று சொல்லி எனக்குப் போன் போட்டிருக்கிறான். நான் எடுக்கவில்லை. மறுபடியும் போட்டிருக்கிறான். கடைசியில் அக்கம்பக்கத்தார் ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு கிளம்பியிருக்கிறார்கள். மாரடைப்பு. வழியில் செம்பூர் தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அடக்கத்துக்கு வந்தவர்கள் என்னைக் குற்றம் சொல்லவில்லை. யாராவது ஒருவர் மூஞ்சிக்கு நேராகத் திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். எங்கள் சபை அம்மா ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ அந்நேரம் ஜெபத்துல இருந்ததே அவனுக்காகத்தான்" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கோ அந்தக் கையை உதறிவிடவேண்டும் போலிருந்தது. நான் அன்று எதற்காக ஜெபித்துக்கொண்டிருந்தேன் தெரியுமா? சபைக்குச் சொந்தமாக ஒரு இடம் கிடைக்கவேண்டும் என்று. என் தம்பியின் பெயர் அன்று என் வாயில் வரவே இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததை எப்படிச் சொல்வது? நான் வீட்டில் மெஷின் போட்டுப் பள்ளிக்கூடப் பைகளுக்குப் பட்டை தைக்கிறவள். முன்பெல்லாம் தைத்துக்கொண்டே பாட்டுப் பாடுவேன், பக்கத்து வீட்டுக்காரியோடு வம்பு பேசுவேன். இப்போது மெஷின் ஓட ஆரம்பித்ததுமே உள்ளே ஒரு குரலும் ஓட ஆரம்பித்துவிடும். 'அவன் கூப்பிட்டான், நீ மூடி வைத்தாய்.' நாள் முழுக்க இதேதான். குளிக்கும்போதும், சோறு வடிக்கும்போதும் இதேதான். நடுநடுவே வேறு கேள்விகளும் வரும். அவன் கூப்பிட்டபோது உன் ஆண்டவராவது எடுத்திருக்கலாமே? உன்னைப் போன்ற ஒருத்தியின் ஜெபத்தை அவர் எதற்குக் கேட்கவேண்டும்? முழங்கால் போட்டால் அந்த அறையும் அந்த டப்பாவும்தான் கண்ணுக்கு முன்னால் வரும். அதனால் முழங்கால் போடுவதையே விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை ஜெபத்துக்குப் போவதை நிறுத்தினேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டுக்காரருக்காகப் போய்க் கடைசியில் உட்காருவேன். மாதத்தின் முதல் ஞாயிறு, அப்பமும் திராட்சை ரசமும் கொடுக்கிற இராப்போஜனம். தட்டு என் வரிசைக்கு வரும்போது கையைக் கட்டிக்கொண்டு தலையைக் குனிந்துகொள்வேன். அப்பத்தைத் தொட எனக்கு என்ன தகுதி இருக்கிறது? தட்டு கொண்டுவருகிறவர் ஒரு நொடி நின்று பார்த்துவிட்டு அடுத்தவரிடம் போய்விடுவார். வாசலில் இருந்த டப்பாவை பாஸ்டர் ஐயா சத்தமில்லாமல் எடுத்துவிட்டிருந்தார். என் மனம் நோகக்கூடாது என்றுதான் செய்தார். ஆனால் அந்த வெறும் மூலை, எல்லாருக்கும் நீ செய்தது தெரியும் என்று என்னிடம் சொல்வது போல இருக்கும்.

வீட்டுக்காரர் பாவம், அவருக்கும் என்னை என்ன செய்வதென்று தெரியவில்லை. "ஒன்ன யாரு குத்தம் சொன்னா? நீயா எதுக்குப் போட்டு உருட்டிக்கிட்டே இருக்க?" என்பார். நான் மெஷினை இன்னும் வேகமாக மிதிப்பேன். ஒருநாள் பொறுக்கமுடியாமல், "செத்தது ஒன் தம்பி மட்டுமில்ல, இந்த வீடும் சேந்துதான்" என்று கத்திவிட்டுப் படியிறங்கிப் போனார். அவர் சொன்னதில் தப்பில்லை.

இதில் ஒரு பைத்தியக்காரத்தனமும் சேர்ந்துகொண்டது. போனைக் கையிலிருந்து கீழே வைக்கமாட்டேன். குளிக்கப் போனால் பிளாஸ்டிக் கவரில் சுற்றிக்கொண்டு போவேன். யாருடைய நம்பராக இருந்தாலும் முதல் மணியிலேயே எடுத்துவிடுவேன். மும்பையில் ஒரு நாளைக்கு எத்தனை வேண்டாத போன் வரும் என்று உங்களுக்குத் தெரியும். கடன் வேண்டுமா, பிளாட் வேண்டுமா, இன்சூரன்ஸ் வேண்டுமா, எல்லாருக்கும் நான்தான் கிடைத்தேன். எல்லாவற்றையும் எடுத்து, அவர்கள் முடிக்கும்வரை கேட்டு, வேண்டாம் என்று சொல்லித்தான் வைப்பேன். என் மகள் சிரிப்பாள். எனக்குச் சிரிப்பு வராது.

தம்பி மனைவியை மட்டும் பார்க்கப் போகவில்லை. சடங்கெல்லாம் முடிந்து வந்ததோடு சரி. அவள் போன் செய்தால் எடுப்பேன், பிள்ளைகளை விசாரிப்பேன், மெஷினில் வேலை இருக்கிறது என்று வைத்துவிடுவேன். போகக்கூடாது என்றில்லை. எத்தனையோ தடவை கிளம்பினேன். ரயிலேறி மான்கூர்ட் ஸ்டேஷன் வரைக்கும் போய்விட்டு, அங்கிருந்து சீத்தா கேம்புக்கு ஷேர் ரிக்‌ஷா ஏறக் கால் வராமல் திரும்பி வந்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தால் என்ன நினைப்பாள்? இவள் எடுத்திருந்தால் என் புருஷன் இருந்திருப்பான் என்றுதானே நினைப்பாள். அந்தப் பார்வையைத் தாங்க எனக்குத் தெம்பில்லை.

அடுத்த ஜூன் மாதம் வந்தது. பள்ளிக்கூடம் திறக்கிற நேரம். மிஞ்சிய துணியில் தம்பி பிள்ளைகள் இருவருக்கும் பை தைத்தேன். பட்டைக்கு இரட்டைத் தையல் போட்டு, உள்ளே தண்ணீர் பாட்டிலுக்குத் தனியாக ஒரு அறை வைத்து, கடையில் விற்கிற பையைவிட நன்றாகவே தைத்தேன். அதை எடுத்துக்கொண்டு ஒரு மத்தியான நேரம் கிளம்பினேன். வழக்கம் போல மான்கூர்ட்டில் இறங்கினேன். வழக்கம் போலக் கால் நின்றுவிட்டது. பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்தேன்.

பைகள் மடியில் இருந்தன. அவற்றைப் பார்க்கப் பார்க்க எனக்கே அசிங்கமாக இருந்தது. அப்பனைப் பறித்துக்கொண்டு பையைக் கொடுக்க வந்திருக்கிறாய் என்றது உள்ளே இருந்த குரல். ரயில்கள் வந்தன, போயின. இனி எதற்கு இருக்கவேண்டும் என்ற எண்ணம் அதற்கு முன்பும் வந்ததுண்டு. அன்றைக்கு அது எண்ணமாக நிற்கவில்லை. எழுந்து இரண்டு எட்டு வைத்தால் போதும் என்று தோன்றியது. பயமே இல்லை. பயமில்லாமல் இருந்ததுதான் இப்போது நினைத்தாலும் எனக்குப் பயமாக இருக்கிறது. பைகளை பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

அப்போது கையிலிருந்த போன் அடித்தது. பழக்கதோஷம், எடுத்துவிட்டேன்.

"மேடம், பர்சனல் லோன் சாஹியே க்யா?" என்றது ஒரு பெண் குரல், கடன் வேண்டுமாம். சின்னப் பெண்ணாக இருக்கவேண்டும். எனக்கு வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. அதுவரை வராத அழுகை அப்போது வந்தது. அவள் வைத்துவிட்டுப் போயிருக்கலாம். வைக்கவில்லை. மனப்பாடமாகப் பேசிக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தி, "ஆன்ட்டி, ஆப் ரோ ரஹீ ஹோ?" என்று, அழுகிறீர்களா என்று கேட்டாள். எங்கே இருக்கிறீர்கள் என்றாள். ஸ்டேஷன் என்றேன். அவளுக்கு என்ன தோன்றியதோ, கொஞ்சம் பின்னால் தள்ளி உட்காருங்கள், தண்ணீர் குடியுங்கள், உங்கள் ஆட்கள் யாராவது பக்கத்தில் இருக்கிறார்களா என்று இந்தியில் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே இருந்தாள். பக்கத்தில் தம்பி வீடு இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். தம்பி இல்லாத வீடு என்று அவளிடம் எப்படிச் சொல்வேன்? "தோ பாயி கே கர் ஜாவோ நா, ஆன்ட்டி" என்றாள், தம்பி வீட்டுக்குப் போங்களேன் என்று கெஞ்சுகிற மாதிரி. பைகளைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். நான் ரிக்‌ஷாவில் ஏறுகிற வரை அவள் போனை வைக்கவில்லை.

தம்பி வீட்டு வாசலில் நின்று கதவைத் தட்டினேன். திறந்தவள் என்னைப் பார்த்தாள். தம்பி மனைவி பாதியாக இளைத்துப் போயிருந்தாள். "வாங்க மதினி" என்றுகூடச் சொல்லவில்லை. வழியை விட்டு ஒதுங்கி நின்றாள். நான் உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்தேன். பிள்ளைகள் டியூஷனுக்குப் போயிருந்தார்கள். ஒரு டம்ளர் தண்ணீரை என் முன்னால் வைத்தாள். வைத்த வேகத்தில் பாதி சிந்தியது.

"இப்பதான் வழி தெரிஞ்சிதோ?" என்றாள்.

"ஒன் மூஞ்சில முழிக்க எனக்கு யோக்கியதை இல்ல பிள்ள. அவன் கூப்பிட்டப்போ நான் போன..."

"போன எடுக்கலங்கதுக்கா நான் கோவப்படுதேன்?" அவள் குரல் உடைந்தது. "அதுக்கப்புறம் நீங்க வரவேயில்லயே மதினி. அதுதான் கோவம். பிள்ளைய, அத்தை ஏம்மா வரமாட்டுக்கான்னு கேட்டா நான் என்னத்த சொல்ல? அவியளும் போயிட்டாவ. நீங்களும் போயிட்டிய."

எனக்குச் சுரீரென்றது. ஒரு வருடமாக என்னையே நான் விசாரித்துக்கொண்டிருந்தேன். அந்த விசாரணையில் இவள் ஒருத்தி இருப்பதே என் கண்ணில் படவில்லை. செய்யாத குற்றத்துக்குச் சிலுவை சுமக்கிறதாக நினைத்துக்கொண்டு, உண்மையாகவே ஒரு குற்றத்தைச் செய்துகொண்டிருந்திருக்கிறேன்.

பிறகு அவள் தலையைக் குனிந்துகொண்டு மெதுவாகச் சொன்னாள். "நீங்க எம்மேல உள்ள கோவத்துலதான் வரலன்னு நெனச்சேன். காலைல தோளு வலிக்குன்னு சொன்னாவ. நான்தான் வாய்வுப் பிடிப்பா இருக்கும்னு தைலத்தத் தேச்சுவிட்டு வேலைக்கு அனுப்புனேன். திரும்பி வந்தப்பவும், அக்கா எடுக்கட்டும், எடுக்கட்டும்னு பக்கத்துலயே உக்காந்திருந்தேன். இங்கன இருக்க ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போவோம்னு எனக்குப் புத்தி வரலயே மதினி. நான்தான் கொன்னுட்டேன்."

நான் பதறிப்போய் அவளைப் பிடித்துக்கொண்டேன். "என்ன பேச்சு பேசுத? நீ என்ன டாக்டரா? ஒனக்கு எப்படித் தெரியும்? ஒம்மேல ஒரு தப்பும் கெடையாது. ஆண்டவருக்குத் தெரியாதா ஒன் மனசு?" என்று சத்தம் போட்டே சொன்னேன். மனதார, முழுதாக நம்பிச் சொன்னேன். ஒரு வருடத்தில் நான் முழுதாக நம்பிச் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

அவள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். நான் பயந்துகொண்டிருந்த பார்வை அதில் இல்லை.

"அப்ப ஒங்களுக்கு மட்டும் எப்படித் தெரியும் மதினி? ஆண்டவரு என்ன, எனக்கு மட்டும் மன்னிச்சுட்டு ஒங்களத் தனியா ஒதுக்கி வச்சிருக்காரா? இல்ல, ஒங்க கேஸுக்கு மட்டும் நீங்களே ஜட்ஜா?"

சின்ன வயதிலிருந்து மன்னிப்பைப் பற்றி எத்தனை பிரசங்கம் கேட்டிருப்பேன்! ஊருக்கெல்லாம் அவர் மன்னிப்பார் என்று நம்பினேன். என் மனம் எனக்குச் சொன்ன தீர்ப்பை மட்டும் அவருடைய தீர்ப்பைவிடப் பெரியதாக வைத்திருந்தேன். அதைத் தாழ்மை என்றுகூட நினைத்திருந்தேன். போன் போலீசுக்கு ஏற்ற புத்திதான்.

"ஜெபம் பண்ணுவமா?" என்றாள். ஆரம்பித்தேன். 'ஆண்டவரே' என்பதற்குமேல் எனக்கு வரவில்லை. "விடுங்க, நான் பண்ணுதேன். நீங்க ஆமென் மட்டும் சொல்லுங்க" என்றாள். அவள் அழகாகவெல்லாம் ஜெபிக்கவில்லை. எங்களால இத இனிமே தூக்க முடியாதுப்பா, நீரே வச்சுக்கிடும் என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் ஆமென் சொன்னேன். பிள்ளைகள் வந்து பைகளைத் தோளில் மாட்டிக்கொண்டு அந்தச் சின்ன அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தார்கள். பெரியவன் சிரித்தபோது அப்படியே தம்பி. பார்க்க முடியாமல் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அன்றோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆகவில்லை. அந்தக் குரல் இன்னமும் வருகிறது. முக்கியமாக மழை நாட்களில் வருகிறது. அதோடு வாதாடி நான் ஜெயித்ததே இல்லை. இப்போது வாதாடுவதில்லை. என் கேஸ் என்னிடம் இல்லை, மேலே போய்விட்டது, அங்கே போய்க் கேள் என்று சொல்லிவிட்டு மெஷினை மிதிக்கிறேன். சில நாள் அது போகும், சில நாள் போகாது. போகாத நாளில் சீத்தா கேம்புக்குப் போன் போடுவேன். அவளும் எனக்குப் போடுவாள்.

அடுத்து வந்த முதல் ஞாயிறு இராப்போஜனத்தில் தட்டு என் வரிசைக்கு வந்தது. கட்டியிருந்த கையைப் பிரித்தேன். நீட்டி அப்பத்தை எடுத்துக்கொண்டேன்.

அந்த வாரமே பாஸ்டர் ஐயாவிடம் போய், டப்பாவைத் திரும்ப வைக்கவேண்டும் என்றேன். அவர் திகைத்துப் போனார். "போன அணைக்க வேண்டாம் ஐயா. சத்தமா வச்சு எல்லாரும் போட்டுட்டு உள்ள போகட்டும். நான் வெளிய படிகிட்ட டப்பாவோட உக்காந்துக்கிடுதேன்" என்றேன். பிறகு சரி என்று தலையாட்டினார்.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் அதுதான் என் இடம். உள்ளே ஜெபம் நடக்கும், கீழே பட்டறை மெஷின் ஓடும், நடுவில் மாடிப்படியில் நான். மடியில் டப்பா. விதவிதமான பாட்டில் போன்கள் அடிக்கும். எடுத்து, "அவங்க ஜெபத்துல இருக்காங்க, என்ன விஷயம் சொல்லுங்க" என்பேன். முக்கால்வாசி ஒன்றுமிருக்காது. மிக்ஸி மூடி எங்கே என்பார்கள், சாவி எங்கே என்பார்கள். கடன் வேண்டுமா என்று கேட்கிற பிள்ளைகளும் உண்டு, அவர்களிடம் நான் கொஞ்சம் அதிகமாகவே மரியாதையாகப் பேசுகிறேன். ஒரே ஒருமுறை, வேலை செய்கிற இடத்தில் கணவர் மயங்கி விழுந்துவிட்டார் என்று போன் வந்தது. ஜெபத்துக்கு நடுவிலேயே உள்ளே ஓடி அந்தப் பெண்ணைத் தோளைத் தொட்டு எழுப்பி அனுப்பினேன். அவர் பிழைத்துக்கொண்டார். அன்று நான் படியில் உட்கார்ந்து அழுததற்கு சந்தோஷம் மட்டும் காரணமில்லை.

என் தம்பியின் போனை இனி ஒருநாளும் என்னால் எடுக்கமுடியாது, அந்த வலி என்னோடுதான் வரும். ஆனால் தீர்ப்புச் சொல்கிற வேலையை ஆண்டவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, டப்பாவில் யாருடைய போன் அடித்தாலும் முதல் மணியிலேயே எடுத்து "சொல்லுங்க" என்று சொல்வதைத்தான் இப்போது என் ஜெபமாக வைத்திருக்கிறேன்.